உம்மா எடுத்து வந்த ஒலிநாடா

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், டொரொன்டோவில் வாழும் என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். வருகிறவர்கள் வழக்கமாகக் கொண்டு வருகிற சொக்கலேற், சவர்க்காரம் முதலானவற்றோடு, "மாமா, இது உங்களுக்கு மட்டும்" என்று ஒரு குறுந்தட்டுப் பொதியை என் கையில் தந்தான். அட்டையில் ஜாக்கோ பஸ்டோரியஸின் படம். தலைப்பு ஆங்கிலத்தில். தமிழில் சொல்வதானால் 'உண்மை, விடுதலை, உயிர்' எனலாம். 1982ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி நியூயோர்க்கின் ஏவரி ஃபிஷர் மண்டபத்தில், குல் ஜாஸ் விழாவில் நடந்த கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவு அது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, ரெசனன்ஸ் என்ற நிறுவனம் அதனை முழுமையாக வெளியிட்டிருந்தது.

அன்றிரவு எல்லோரும் உறங்கிய பிறகு அதனைக் கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற பதிவு. முடிந்தபோது ஏனோ உம்மாவின் நினைவு வந்தது. உண்மையில் ஏன் என்பது எனக்குத் தெரியும். அதனை இத்தனை காலம் எழுதாமல் இருந்துவிட்டேன்.

முதலில் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இசை விமர்சகன் அல்லன். செய்திப் பத்திரிகையில் ஆயுளைக் கழித்தவன். கேட்டதையும் படித்ததையும் வைத்தே சொல்கிறேன்.

ஜாக்கோ 1951 டிசெம்பர் 1ஆம் திகதி பென்சில்வேனியாவில் பிறந்து, புளோரிடாவின் கடற்கரை நகரான ஃபோர்ட் லோடர்டேலில் வளர்ந்தவர். தந்தையார் மேளம் வாசிப்பவர், பாடகர். மகனும் மேளத்தில்தான் தொடங்கினார். பதின்மூன்று வயதில் விளையாட்டில் மணிக்கட்டு முறிந்து, மேளம் கைவிட்டுப் போய், பேஸ் கிற்றாருக்கு வந்தார். கிற்றாரின் கழுத்தில் சுரத்தானங்களைக் காட்டும் உலோகக் கம்பிகள் குறுக்கே பதிந்திருக்கும். அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பள்ளங்களை அடைத்து, மரம் தேயாமல் இருப்பதற்காகப் படகுகளுக்குப் பூசுகிற எப்பொக்சிப் பசையை அதன்மேல் பூசிக்கொண்டார். எங்கள் கரையில் படகுக்குப் பசை பூசுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து அவர் அந்நியராகத் தோன்றவில்லை. கம்பி இல்லாத கழுத்தில் விரல் வழுக்கி ஓடும். நம்முடைய வயலினிலோ வீணையிலோ கேட்கிற கமகம் போல, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகலாம். பேஸ் என்றால் பின்னால் நின்று 'தும் தும்' என்று தாளத்துக்குத் துணை போவது என்றிருந்த காலத்தில், அவர் அதனைப் பாட வைத்தார். 1976இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தது. அதே ஆண்டு வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்தார். அதன் பிறகு அவரைத் தெரியாத பேஸ் வாத்தியக்காரர் உலகில் இல்லை என்றே சொல்லலாம்.

அந்தக் குழுவிலிருந்து விலகிய பின்னர் அவர் ஆசைப்பட்டது பெரிய வாத்தியக் குழு ஒன்றை. ட்ரம்பெற், ட்ரொம்போன், சாக்ஸபோன் என்று வரிசை வரிசையாகக் காற்று வாத்தியங்கள் அமர்ந்து வாசிக்கும் முறை, டியூக் எலிங்டன் காலத்து மரபு. (எலிங்டன் 1963இல் தம் குழுவோடு கொழும்புக்கும் சென்னைக்கும் வந்து போனவர்தான்.) அத்தகைய குழுவைப் பியானோக்காரரோ ட்ரம்பெற்காரரோ நடத்துவார். பேஸ்காரர் நடத்துவது அபூர்வம். சார்ள்ஸ் மிங்கஸ் அப்படி நடத்தியவர். 1962 ஒக்டோபர் 12ஆம் திகதி நியூயோர்க் டவுன் ஹோலில் அவர் பெருங்குழுவோடு நடத்திய கச்சேரியில், மேடையிலேயே ஆட்கள் அமர்ந்து இசைக்குறிப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். கச்சேரி குழம்பிப் போனது. அவர் எழுதிய பெரும் படைப்பின் தாள்கள் 1979இல் அவர் இறந்த பிறகு கண்டெடுக்கப்பட்டு, 1989இல்தான் மேடையேறின. தாள்கள் எங்கோ இருந்தன என்பதுதான் இங்கு முக்கியம்.

ஜாக்கோவின் 1982ஆம் ஆண்டுக் குழுவில் இருபதுக்கு மேற்பட்டவர்கள். சாக்ஸபோனில் பொப் மின்ட்சர், ட்ரம்பெற்றில் ரண்டி பிரெக்கர், ட்ரம்ஸில் பீட்டர் ஏர்ஸ்கின், கைமேளங்களில் டொன் அலாயஸ். ட்ரினிடாட்டிலிருந்து வந்த ஒத்தெல்லோ மொலினோ, எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிச் செய்கிற ஸ்டீல் பான் வாசிக்கிறார். இடையில் பெல்ஜியத்துக்காரரான டூட்ஸ் தீலெமன்ஸ் சிறிய மவுத்ஓர்கனோடு வருகிறார். அப்போது அவருக்கு அறுபது வயது. உள்ளங்கையில் அடங்குகிற அந்த வாத்தியமும், ஆளுயரப் பெருங்குழுவும், நடுவில் பேஸும் சேர்ந்து எலிங்டனின் பழைய மெட்டு ஒன்றை வாசிக்கிற இடத்தில், மண்டபத்தில் ஓர் ஊசி விழுந்தாலும் பதிவாகியிருக்கும். இன்னொரு உருப்படிக்கு ஜாக்கோ வைத்த பெயரில் 'ஒகொன்கோலோ' என்ற சொல்லின் சாயல் இருக்கிறது. அது ஆபிரிக்கரின் வழிவந்த கியூப மக்கள் தங்கள் சமயச் சடங்குகளில் வாசிக்கிற பாட்டா மேளங்களில் மிகச் சிறியது. கச்சேரியின் கடைசியில் ஜாக்கோ தாமே வாய்விட்டுப் பாடுகிறார். பயிற்சி பெற்ற குரல் அன்று. ஆனால் பிழைத்துக் கிடக்கிறது அந்தக் குரல்.

எனக்கு இந்தக் கச்சேரி முதலில் தெரியாது. எனக்குத் தெரிந்தது அதற்கடுத்த செப்டெம்பரில் அதே பெருங்குழு ஜப்பானில் வாசித்தபோது பதிவாகி, 1983இல் 'அழைப்பு' என்ற பொருள்படும் தலைப்பில் வெளிவந்த இசைத்தட்டு. குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த ஊர் நண்பர் ஒருவர் அதன் ஒலிநாடாவைக் கொண்டு வந்தார். வெற்று டி.டி.கே. நாடா ஒன்றில் அதனைப் பிரதி எடுத்து, மேலே நீல மையால் ஆங்கிலத்தில் பெயர் எழுதி வைத்துக்கொண்டேன். அப்போது நான் கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்தேன். பெருநாளுக்கும் விடுமுறைக்கும் தாராபுரம் வருவேன். வந்தால் ஒலிநாடாப் பெட்டியும் கூடவே வரும்.

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் நோக்கிப் போகிற வீதியில் இருக்கிறது தாராபுரம். மணல், பனை, தென்னை, வீதியில் தம்பாட்டுக்கு அலைகிற கழுதைகள், பள்ளிவாசல். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப பக்கீர் பாவா றபான் தட்டிக்கொண்டு வருவார். அவர் பாடுவது எங்கள் ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் காதில் விழும். றபானின் 'தொம்' என்ற ஒலியோ அவர் இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் இருக்கும்போதே சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து படுக்கையில் எழுப்பிவிடும். பின்னாளில்தான் இதன் காரணத்தைப் படித்தேன். தாழ்ந்த ஒலியின் அலை நீளமானது. பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த அலை ஒவ்வொன்றும் எட்டு மீற்றருக்கு மேல் நீளம். சுவரும் வேலியும் அதனை மறிப்பதில்லை, அது வளைந்து வந்துவிடும். ஜாக்கோவை முதன்முதலில் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது அந்தச் சஹர் நேரத்து றபான்தான்.

இனி மாமாவைப் பற்றி. உம்மாவின் தம்பி. பேசாலைப் பக்கத்துக் கரைவலை வாடிகளில் வேலை செய்தவர். கரைவலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் பிடித்திழுக்கும். ஒருவர் முன்பாட்டுச் சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டில் பதில் சொல்லி, அந்தப் பதிலின் அழுத்தத்தில் கயிற்றை இழுப்பார்கள். வலையில் பாரம் ஏற ஏறத் தாளம் இறுகும். மாமா முன்பாட்டுக்காரர். வாடியில் எல்லாச் சமயத்தவரும் இருந்தார்கள். பாட்டிலும் மாதாவும் வேலனும் வருவார்கள். மாமா தம் பங்குக்கு நாகூர் ஆண்டவரைச் சேர்த்துக்கொள்வார். சம்மாட்டியைக் கேலி செய்கிற அடிகளும் உண்டு. அவை சம்மாட்டி அருகில் இல்லாதபோது மட்டும்.

1985இல் ஒரு விடுமுறையில், அம்பாப் பாடல்களைப் பற்றி ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்று தோன்றி, மாமாவைத் திண்ணையில் இருத்தி, ஒரு டி.டி.கே. நாடாவில் பதிவு செய்தேன். கயிறில்லாமல் பாட வராது என்று முதலில் மறுத்தார். பிறகு கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறுநுனியை இழுத்துக்கொண்டு பாடினார். பின்பாட்டுக்கு நானும் பக்கத்து வீட்டுப் பொடியன்களும். ஒரு பக்கம் முழுவதும் நிரம்பியது. முடிந்ததும், "மருமகன், இது பேப்பரில வந்தா எனக்கு என்ன தருவினம்?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் நாடாவில் விழுந்திருந்தது.

கட்டுரையை நான் எழுதவில்லை. நாட்டு நிலைமை செய்திகளைக் குவித்துக்கொண்டிருந்தது. பாட்டைப் பற்றி எழுத இது நேரமா என்று தள்ளிப் போட்டேன். நாடாவைக் கொழும்புக்குக் கொண்டு போய் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். அதற்கு ஒரு மணி நேரம் போதும். அடுத்த முறை, அடுத்த முறை என்று அது எங்கள் வீட்டு அலுமாரியிலேயே கிடந்தது. 1988இல் மாமா மௌத்தானார். அதன் பிறகு உம்மா சில வெள்ளிக்கிழமைகளில் அந்த நாடாவைப் போடச் சொல்லிக் கேட்பதுண்டு.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்ட வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. நானும் எழுதியிருக்கிறேன். மீண்டும் விரிக்கப் போவதில்லை. ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஒலிபெருக்கியில் நாள் குறித்தார்கள். கொண்டு போகக்கூடியவற்றுக்கு வரம்பு விதித்தார்கள். மன்னார்த் தீவின் எங்கள் மக்கள் மாரிக்காலத்துக் கடலில் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். நான் கொழும்பில் இருந்தேன். எனக்குச் செய்தி கிடைத்து, புத்தளத்துக்கு ஓடி, உம்மாவைக் கண்டுபிடித்தபோது, அவர் ஒரு தென்னந்தோட்டத்தில் பாய் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

துணிப் பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினார். குர்ஆன் இருந்தது. காணி உறுதி இருந்தது. வாப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. அவற்றுக்கு நடுவே, சேலைத் துண்டில் சுற்றி, ஓர் ஒலிநாடா.

"மாமாட குரல மட்டும் உட்டுட்டு வரல்ல, மகன்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். டி.டி.கே. நாடா. நீல மை. என் கையெழுத்து. ஆங்கிலம்.

உம்மாவுக்கு ஓதத் தெரியும். தமிழோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாது. அலுமாரியில் ஒரே மாதிரியான இரண்டு நாடாக்கள் அருகருகே இருந்திருக்கின்றன. அவர் எடுத்து வந்தது ஜாக்கோவை. நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லது உம்மா" என்று திருப்பிச் சுற்றிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

பொய் ஒரு மாதம் நின்றது. அதற்குள் ஆலங்குடாப் பக்கத்தில் கிடுகுக் குடிசை ஒன்று கிடைத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது, பக்கத்துக் குடிசையிலிருந்து பற்றரியில் ஓடும் சிறிய ஒலிநாடாப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுக்க வழியில்லை. போட்டேன். இரண்டு விநாடி இரைச்சல். பிறகு முழுப் பெருங்குழுவும் ஒரே மூச்சில் எழுந்தது. அடுத்த குடிசைகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

உம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா பிறகு வருவார் என்று நினைத்திருக்கக் கூடும். பிறகு, "இது அவன் இல்லையே" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. நீண்ட நேரம் கிடுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்துவதற்காகக் கையை நீட்டினேன்.

"உடு. அடிக்கட்டும். இவனும் ஆரோ பெத்த புள்ளதானே" என்றார்.

அத்தகைய சிறிய பெட்டியில் அடித்தொனி வராது. ஜாக்கோவின் வாசிப்பு நடுத்தொனியிலும் பேசுவதால் அன்று அந்தக் குடிசையில் அது கேட்டது. அந்தப் பக்கம் முடியும்வரை உம்மா கேட்டார். அதன் பிறகு ஒருபோதும் அதனைப் போடச் சொல்லவில்லை. 2006இல் புத்தளத்திலேயே மௌத்தானார். ஊரைத் திரும்பப் பார்க்கவில்லை.

உம்மா 'ஆரோ பெத்த புள்ள' என்று சொன்னபோது அந்தப் பிள்ளை உயிரோடு இல்லை. 1982இன் இறுதிக்குள்ளேயே அவருக்கு மனநோயின் அறிகுறிகள் முற்றியிருந்தன. பெருங்குழு கலைந்தது. 1986இல் அவர் நியூயோர்க்கின் பூங்காக்களில் படுத்துறங்குகிறவராக இருந்தார். படகுப் பசை பூசிய அந்தப் பேஸும் அந்த ஆண்டு பூங்காவில் வைத்துத் திருட்டுப் போனது. 1987 செப்டெம்பரில் புளோரிடாவில் ஓர் இரவு விடுதியின் வாசலில், காவலாளி ஒருவரால் தாக்கப்பட்டு, செப்டெம்பர் 21ஆம் திகதி இறந்தார். வயது 35. பேஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் நியூயோர்க்கின் கடை ஒன்றில் வெளிப்பட்டது. மெட்டாலிக்கா குழுவின் பேஸ்காரர் ரொபர்ட் ட்ருஜிலோ பணம் கொடுத்து மீட்டுக் குடும்பத்தின் பக்கம் சேர்த்தார்.

வீடிழந்த அவரையும் வீடிழந்த எங்களையும் ஒப்பிட நான் வரவில்லை. அவருடைய துயரம் வேறு, எங்களுடையது வேறு. என்னை உறுத்துவது இன்னொன்று. அந்த 1982ஆம் ஆண்டுக் கச்சேரியை அமெரிக்கப் பொது வானொலி தன் ஜாஸ் நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தது. ஒரு பகுதியை ஒலிபரப்பியது. மிகுதியை யாரும் எறிந்துவிடவில்லை. மனிதர் தெருவுக்கு வந்தார், இறந்தார், வாத்தியம் களவு போனது. நாடா மட்டும் பெயரும் திகதியும் எழுதப்பட்டு ஓர் இடத்தில் கிடந்தது. அன்று மேடையில் நின்றவர்கள் சிலர் முதுமையில் அதனைக் கேட்டு, தங்கள் நினைவுகளைச் சொல்லவும் முடிந்தது. இதற்குப் பெரிய மேதைமை எதுவும் தேவைப்படவில்லை. தள்ளிப் போடாத சில ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். நானோ பத்திரிகைக்காரன். பதிவு செய்வதே தொழில். ஒரு மணி நேர வேலையை ஐந்து ஆண்டுகள் தள்ளிப் போட்டேன். மாமாவின் குரலை ஊரோடு விட்டது உம்மா அல்ல, நான். இதனை உம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

போர் முடிந்த பிறகு, 2010இல் வீட்டைப் பார்க்கப் போனேன். கூரை இல்லை. அலுமாரி நின்ற இடத்தில் விளாத்தி முளைத்திருந்தது. தேடுவதற்கு எதுவும் இருக்கவில்லை.

குறுந்தட்டைக் கேட்ட அந்த இரவுக்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். மாமாவோடு வாடியில் கயிறு இழுத்தவர்களில் ஒருவர் மீளக் குடியேறியிருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். மருமகனையும் கூட்டிக்கொண்டு, கைத்தொலைபேசியோடு போனேன். அம்பா பாடுவீர்களா என்று கேட்டேன். கண்கள் மலர்ந்தன. ஆனால் முன்பாட்டு ஒன்றும் நினைவில்லை என்றார்.

"அது உங்கட மாமாட வேலை, தம்பி. எங்களுக்குப் பின்பாட்டுத்தானே."

தெரிந்ததைப் பாடுங்கள் என்றேன். பாடினார். பின்பாட்டைச் சொல்வார். பிறகு நிறுத்துவார். முன்பாட்டுக்காரர் தம் அடியைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம், வெறுங்கையால் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். மறுபடியும் பின்பாட்டு. பாரம் ஏறுகிற இடத்தில் அவருடைய இடைவெளியும் குறுகியது. மருமகன் என்னைப் பார்த்தான். நான் நிறுத்தச் சொல்லவில்லை. இடைவெளிகளோடு சேர்த்து நான்கு நிமிடம் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெரியவரும் இப்போது இல்லை.

பதிவின் ஒரு பிரதி என் கணினியில் இருக்கிறது. ஒன்று டொரொன்டோவில் மருமகனிடம். இன்னொன்றைப் பெரியவரின் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். மூன்றிலும் ஊர், ஆள், திகதி எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிற அன்பர்களே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் வீட்டு அலுமாரியில், பழைய பெட்டியில், அப்பாவோ ஆச்சியோ மாமாவோ பேசிய, பாடிய, ஓதிய ஒரு நாடா கிடக்கக் கூடும். காந்த நாடா நெடுங்காலம் தாங்காது. பூஞ்சணம் பிடிக்கும், பூச்சு உதிரும். இயக்குகிற பெட்டிகளும் அருகிவிட்டன. இந்த வாரமே பிரதி எடுங்கள். மேலே பெயரை எழுதுங்கள், வீட்டில் எல்லோரும் வாசிக்கக்கூடிய எழுத்தில். வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால், ஒரு சிவப்பு நூலையாவது கட்டி வையுங்கள்.